ரிவர்ஸ் கியரில் ஒரு கச்சேரி

பள்ளி வேன் ஓட்ட வருவதற்கு முன்னால் அவர் பாதி ஆயுசைத் தண்ணீர் டேங்கர் லாரியில் கழித்தவர். அதனால் பிள்ளைகள் அவருக்கு டேங்கர் என்று பேர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே அங்கிள், முதுகுக்குப் பின்னால் டேங்கர். அவருக்கு அதில் வருத்தம் ஏதுமில்லை. தண்ணீரைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. எவ்வளவு குலுக்கினாலும் அது எதிர்த்துப் பேசாது. இறக்கிவிட்டால் சத்தம் போடாமல் போய்விடும்.

ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள் தண்ணீர் இல்லை. வேனில் ஏறினால் ஆளுக்கொரு பாட்டு. முன் சீட்டுக்காரன் போனில் ஒன்றைப் போட்டால், அதை அமுக்கப் பக்கத்து சீட்டில் இன்னொன்று, இரண்டையும் அமுக்கக் கடைசி சீட்டில் வேறொன்று. யாரும் யாருடைய பாட்டையும் கேட்பதில்லை. தன் பாட்டையும் கேட்பதில்லை. அடுத்தவன் பாட்டு கேட்காமல் இருந்தால் போதும். டேங்கர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் காதுக்குள் ஏழெட்டுப் பேர் பாடிக்கொண்டிருப்பார்கள். “உப்பு சரியா இருக்காங்க?” என்று மனைவி கேட்டால், “சத்தத்தைக் குறைம்மா” என்பார்.

யாரோ ஒரு பெற்றோர் புகார் கொடுக்க, பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. வேன் போகும்போது எந்தப் பாட்டும் ஒலிக்கக் கூடாது. போன்கள் வீட்டிலேயே நின்றன. வண்டியில் இருந்த பாட்டுப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போனார்கள். மறுநாளிலிருந்து பிள்ளைகள் அதே பாட்டுகளை வாயாலேயே பாட ஆரம்பித்தார்கள். போனுக்காவது சார்ஜ் தீரும். தொண்டைக்கு அந்த நல்ல பழக்கம் கிடையாது.

இந்த நேரம் பார்த்து வேனின் ரிவர்ஸ் ஹாரன் கெட்டுப்போனது. பின்னால் எடுக்கும்போது கீக்கீக் என்று கத்துமே, அதுதான். அது இல்லாமல் பள்ளி வண்டி ஓடக் கூடாது. டேங்கர் தன் மச்சினனிடம் போனார். மனைவியின் தம்பி, வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிற கடை வைத்திருந்தான்.

“கீக்கீக் தீந்துபோச்சு மாமா. மெமரி கார்டு போடுற மாதிரி ஒண்ணு இருக்கு. ரிவர்ஸ் விழுந்தா அதுல இருக்கிற பாட்டு பாடும். மாட்டட்டுமா?”

“எதையாவது மாட்டித் தொலைடா. பின்னால நிக்கிறவன் ஒதுங்குனா சரி.”

மெயின் ரோட்டிலிருந்து பள்ளி கேட்டுக்கு நீளமான ஒரு சந்து. ஒரு பக்கம் தொழிற்சாலையின் மதில், மறுபக்கம் காலி மனைகள். பள்ளி வண்டிகளைத் தவிர ஈ காக்கை வராது. அன்று காலை சந்து முனையில் ஒரு பள்ளத்துக்காக டேங்கர் வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார். புல்லாங்குழல் ஒன்று வழிந்தது. வேன் முழுக்க வாயில் பூட்டுப் போட்டது போல் அடங்கியது. தன் காது போய்விட்டதோ என்று டேங்கர் விரலை விட்டுக் குடைந்து பார்த்தார். முதல் கியர் போட்டார். குழல் நின்றது. அத்தனை பேரும் கத்தினார்கள்.

“அங்கிள்! பாதியில வெட்டிட்டீங்க!”

மறுபடி ரிவர்ஸ் போட்டார். மறுபடி அமைதி. அந்தக் குழல் யார் வாசித்தது, எந்த ஊருடையது என்று மச்சினனுக்கே தெரியாது; கார்டோடு வந்தது. ஆனால் அந்த அமைதி டேங்கருக்கு வேண்டியிருந்தது. மறுநாள் சந்து முனையில் வண்டியைத் திருப்பி, முதுகைக் காட்டிக்கொண்டே பள்ளி வரை போனார்.

வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அக்கா பின்னால் இறங்கி நடந்து, கையைக் காட்டிக்கொண்டே வர வேண்டியதாயிற்று. “வா... வா... வா... ஒடிச்சு... வா...” என்று சந்து முழுக்கக் கத்துவாள். பிள்ளைகளுக்கு அது பாட்டைக் கெடுத்தது. “அக்கா, ப்ளீஸ், சைகை மட்டும் காட்டுங்க” என்று கெஞ்சினார்கள். “இத்தனை வருஷத்துல என்னை வாயை மூடுன்னு மொதமொதல்ல சொன்னது நீங்கதாண்டா” என்று முறைத்துவிட்டு, குடையை ஆட்டிக்கொண்டு நடந்தாள்.

கார்டில் இருந்தது தீர்ந்ததும் பிள்ளைகள் தங்கள் பாட்டைக் கார்டில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். யாருடையதைப் போடுவது என்று அடிதடி. டேங்கர் பஞ்சாயத்து பண்ணினார்.

“நாளுக்கு ஒரு ஆள். ஒரே பாட்டு. முடியிற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது. முடிஞ்சப்புறம் என்ன கேட்டுச்சுன்னு சொல்லலாம். நல்லாருக்கு, நல்லால்லைன்னு எவனாவது சொன்னான், வண்டி முன்னால போயிரும்.”

சண்டை வராமல் இருக்கத்தான் சொன்னார். ஆனால் பிள்ளைகள் பயந்தே போனார்கள். நல்லாருக்கு, நல்லால்லை இரண்டும் இல்லை என்றால் வேறு என்னதான் சொல்வது? வேறு வழியில்லாமல் காதைத் தீட்டினார்கள். ‘பாடுறதுக்கு முன்னாடி அந்தம்மா மூச்சு இழுக்குறாங்க’ என்றான் ஒருவன். ‘நடுவுல யாரோ நாற்காலியை நகர்த்துறாங்க’ என்றாள் ஒருத்தி. எப்போதும் மேளம் மட்டுமே கொண்டுவரும் தடதட என்கிற பையனின் பாட்டில், அடிக்கு நடுவே ஒரு நூலளவு மௌனம் இருக்கிறது என்று கண்டுபிடித்து அவனிடமே சொன்னார்கள். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் பாட்டில் அப்படி ஒன்று இருப்பது அவனுக்கே தெரியாது.

ரேடியோ என்று ஒரு பெண். தூக்கத்திலும் பேசுவாள் என்று அவள் அம்மாவே சொல்லியிருக்கிறார். அவள் முறை வந்தபோது ஒற்றை வயலின் ஒன்றைக் கொண்டுவந்தாள். தொடங்குவதற்கே தயங்கித் தயங்கி, பத்து நிமிஷத்துக்கு மேல் போகும்.

“இதுக்கு சந்து பத்தாதும்மா” என்றார் டேங்கர்.

“மெதுவா போங்க அங்கிள். எறும்பு மாதிரி போங்க.”

எறும்பு மாதிரியே போனார். கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே குடையைப் பார்த்துக்கொண்டு ஊர்ந்தார். அந்த நேரம் சந்துக்குள் தலைமையாசிரியையின் கார் நுழைந்தது.

அந்த அம்மாள் கண்டது இதுதான். பள்ளி வேன் ஒன்று அவருக்கு எதிர்முகமாக நின்று, அவர் நெருங்க நெருங்கப் பின்னால் நழுவிக்கொண்டிருந்தது. டிரைவருக்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் பிடரி இருந்தது. அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாகப் பிள்ளைகள், கண்களை மூடி, வாயை லேசாகத் திறந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து. ஒருவரும் அசையவில்லை. ரேடியோ கூடப் பேசவில்லை. அதைப் பார்த்ததும்தான் அவர் காரை நிறுத்தினார். தொழிற்சாலை விஷவாயு என்றே முடிவு கட்டி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்தது. ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்த ஊழியர், ஊர்ந்துகொண்டிருந்த வேனின் கதவைத் திறந்தார். தடதட ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

“அண்ணே, இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. அந்த சைரனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க.”

ஊழியர் திருதிருவென விழித்தார். பிறகு போய் நிறுத்தச் சொல்லிவிட்டு, என்ன ஏதென்று பார்க்கப் படியில் உட்கார்ந்தார். வயலின் முடிகிற வரை எழுந்திருக்கவில்லை.

விசாரணை தலைமையாசிரியையின் அறையில் நடந்தது.

“வண்டியை ஏன் பின்னாலயே ஓட்டுறீங்க?”

“முன்னால போனா பாட்டு நின்னுடும் மேடம்.”

“பாட்டு எதுக்குப் போடுறீங்க?”

“பின்னால போகும்போது சத்தம் வரணும்ல மேடம்.”

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். “போகும்போது பாட்டு கூடாதுன்னு சுற்றறிக்கை வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு மேடம். நாங்க போகலையே. இந்தப் பொண்ணுதான் சந்து பூரா குடையை ஆட்டி வா, வான்னு கூப்பிட்டுச்சு. நாங்க வந்துக்கிட்டுதான் இருந்தோம்.”

அக்கா கதவருகே நின்று, ஆமாம் என்று தலையாட்டினாள். தலைமையாசிரியை மேஜைக்கு அடியில் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, சிரித்த கலக்கம். ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான். இனிப் பின்னால் ஓட்டக் கூடாது. பதிலுக்கு வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு பாட்டுக் கேட்கும் நேரம். மேல்மாடி ஹாலில், பெரிய ஸ்பீக்கரில், சங்கீத வாத்தியார் பொறுப்பில்.

அது படுதோல்வி. வாத்தியார் பாட்டின் பெருமையை விளக்க எழுந்தார், மணி அடிக்கும்போதுதான் உட்கார்ந்தார். பாட்டுக்கு நேரமே வரவில்லை. மறுவாரம் பாட்டு வந்தது. ஆனால் பிள்ளைகள் கும்பல் கும்பலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்னால் போய்விடும் என்று பயமுறுத்த ஹாலுக்கு சக்கரமா இருக்கிறது?

வேனில் பழைய சந்தைக்கடை திரும்பியது. டேங்கருக்கு அதைவிடக் கழுத்துதான் பெரிய பாடு. இடது பக்கம் திரும்பியது திரும்பியபடி நின்றுவிட்டது. மனைவி சாப்பாட்டுத் தட்டையும் அந்தப் பக்கமாகவே நகர்த்தி வைத்தாள். நலம் விசாரிக்க வந்த மச்சினனிடம் கதையைச் சொன்னார். அவன் வாயைப் பிளந்தான்.

“எதுக்கு மாமா ஓட்டுனீங்க? நிக்கிற வண்டியில சாவியைத் திருப்பி, ரிவர்ஸ்ல போட்டு வெச்சாலே பாடுமே. இன்ஜின்கூட வேணாம்.”

டேங்கர் அவன் பக்கம் திரும்பப் பார்த்தார், முடியவில்லை. பேசும்போது கழுத்து திரும்பிய பக்கம் பார்த்துத்தான் பேச முடிந்தது. அங்கே மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“இதை ஏண்டா மொதல்லயே சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையே மாமா.”

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் வேன் மைதானத்து ஓரம் நின்றபடி பாடியது. வேன் பிள்ளைகள் உள்ளே. நடந்து வருகிற பிள்ளைகள், தங்களுக்கும் முறை வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கி, வெளியே புல்தரையில். சங்கீத வாத்தியாரும் வந்தார். நல்லாருக்கு என்று சொல்லக் கூடாது என்றதும் அவருக்கும் சொல்ல ஒன்றுமில்லாமல் போய், கேட்க ஆரம்பித்தார்.

ஒரு சிக்கல். இன்ஜின் ஓடாமல் பாடினால் பழைய பேட்டரி தாங்காது. பாட்டு முடிந்ததும் வண்டி கிளம்பாது. எல்லாரும் சேர்ந்து தள்ள வேண்டும். பெரிய பேட்டரி போட்டுத் தருகிறேன் என்றான் மச்சினன். டேங்கர் இழுத்தடித்தார். தள்ளும்போதுதான் பிள்ளைகள் என்ன கேட்டது என்று வாதாடுவார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்க அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, அந்த முதல் புல்லாங்குழலையே மறுபடி கேட்டுவிட்டு அப்படித் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியே அவர் வாயை விட்டார்.

“அந்தாளு ஊதும்போது நடுவுல எச்சில் முழுங்குறான்பா.”

தள்ளுவது நின்றது. வண்டியும் நின்றது.

“எந்த இடத்துல அங்கிள்?”

“அட, கீழே இறங்கி வருவான்ல, அங்கதான்.”

“அப்படி ஒண்ணும் இல்ல” என்றார் சங்கீத வாத்தியார்.

“இருக்கு சார்!” “இல்லவே இல்ல!” “நான் கேட்டேன்!” “நீ தூங்கிட்டு இருந்தே!” கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தள்ள வந்திருந்த தலைமையாசிரியை, இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிடலாமே என்றார். பேட்டரியில் உயிர் இல்லை. முதலில் வண்டி கிளம்ப வேண்டும்.

மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளியது. டேங்கர் கிளட்சை விட்டார். வேன் இரண்டு தடவை இருமி, உறுமிக் கிளம்பியது. வீட்டுக்குப் போகச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டார்கள். டேங்கர் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு ரிவர்ஸைப் போட்டார்.