பாம்புக்காதரும் ஊமை ஸ்பீக்கரும்

பாம்புக்காதருக்கு அடுத்த தெருவில் எறும்பு தும்மினாலும் கேட்கும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். எறும்பு இல்லை, பூனை. தெரு இல்லை, அறை. ஒலிப்பதிவுக்கூடம் நடத்தும் அவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் ஒரு டிரம்ஸ்காரர். அதை ஊர் முழுக்கப் பரப்பியது பாம்புக்காதரேதான்.

கிதாரின் சத்தம் வெளிவரும் ஆம்ப் பெட்டியில், கறுப்புத் துணிக்குப் பின்னால் நான்கு ஸ்பீக்கர்கள் உட்கார்ந்திருக்கும். ஒரு ஸ்பீக்கரின் மையத்துக்கு நேராக மைக்கை வைத்தால் சத்தம் ஊசியாகக் குத்தும். ஓரத்துக்கு நகர்த்தினால் கம்பளியைப் போர்த்திக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. பாம்புக்காதர் அந்த இடத்தை என்றைக்கோ கண்டுபிடித்து, கீழ்வரிசையில் வலப்பக்க ஸ்பீக்கருக்கு நேராகத் துணியில் வெள்ளை டேப்பைப் பொட்டு மாதிரி ஒட்டிவைத்துவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார். அப்புறம் மைக் வைக்க அவருக்குக் காதே தேவைப்படவில்லை. கண் போதும்.

அன்று வாசிக்க வந்தவள் அவருடைய கொழுந்தியாள். தானே போட்ட மெட்டை முதல்முறையாகப் பதிவு செய்ய வந்திருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பதிவு இயந்திரத்தில் அவர் மனைவி. சோபாவில் டிரம்ஸ்காரர், தன் முறைக்காகக் காத்திருந்தார்.

வழக்கம்போல் டேப்புக்கு நேராக மைக்கை வைத்தார். அவள் வாசித்தபோது, அறையில் மூவரும் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் கேட்டது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற சத்தம். பாம்புக்காதர் முகம் சுளித்தார்.

“கம்பியை மாத்தும்மா.”

மாற்றினாள். கிணறு போகவில்லை.

“விரலை அழுத்திப் பிடி. சத்தம் பழம் நசுங்குற மாதிரி இருக்கு.”

அழுத்தினாள். விரல் நுனி சிவந்ததுதான் மிச்சம்.

“சொன்னா கோவிச்சுக்காதே. குறை கிதார்ல இல்ல, கையில. மேடையில வாசிக்கலாம், தப்பில்ல. ரெக்கார்டிங்குக்கு இந்தக் கை ஒத்துவராது.”

“பாம்புக்காதே சொல்லியாச்சு, இனி அப்பீல் ஏது?” என்றார் டிரம்ஸ்காரர்.

“சரி அத்தான். இனிமே இந்த ஆசை வேண்டாம்,” என்றாள் அவள். குரலில் அழுகை இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. கிதார் உறையின் ஜிப்பை இழுத்துத் திறந்தாள்.

மைக்கை எடுக்கக் குனிந்த பாம்புக்காதர், முட்டி வலிக்கவே இரண்டு கைகளையும் பெட்டியின் துணியில் ஊன்றிக்கொண்டார். வயரைப் பிடுங்குமுன் அவள் கடைசியாகக் கம்பிகளை ஒருமுறை வருடினாள். இடது உள்ளங்கை அதிர்ந்தது. டேப்பின்மேல் இருந்த வலது உள்ளங்கையில் ஒன்றுமில்லை. சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது.

அந்த ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. பக்கத்து ஸ்பீக்கர்களிலிருந்து கசிந்ததைத்தான் இவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்டு, அந்தப் பெண்ணின் கைமேல் பழி போட்டிருக்கிறார். முகம் எரிந்தது. பெட்டிக்குள்ளேயே புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டே மைக்கைப் பக்கத்து ஸ்பீக்கருக்கு நகர்த்தினார்.

“இன்னொரு தடவை வாசி, பாப்போம்.”

வாசித்தாள். ஹெட்ஃபோன் முழுக்கச் சத்தம் எழுந்து நின்றது. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பேசியது. சாய்ந்திருந்த டிரம்ஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என் கை திடீர்னு எப்படி அத்தான் ஒத்துவந்துச்சு?”

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சோபாவைப் பார்த்தார், பட்டப்பெயர் வைத்தவர் அங்கே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். உண்மை திரும்பிப் போய்விட்டது.

“மைக் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கும்மா,” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. “ஒரு நூலளவு.”

சுவரில் இருந்த சின்ன ஒலிபெருக்கி கரகரத்தது. கண்ணாடிக்கு அப்பால் மனைவி பொத்தானை அழுத்தியிருந்தாள்.

“நூலளவெல்லாம் இல்லடி. செத்த ஸ்பீக்கர் முன்னாடி மைக்கை வச்சுட்டு உன்னைக் குறை சொல்லியிருக்காரு. தடவிப் பாத்துட்டு இப்பதான் பக்கத்துக்கு மாத்தினாரு, நான் பாத்துட்டேதான் இருந்தேன். உன் கை முதல் தடவையே நல்லாத்தான் இருந்துச்சு.”