அப்பா எழுதிய சமையல் நோட்டு

மாடிவீட்டு ஹெல்கா நேற்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். போன வாரம் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போன காரக்குழம்பை வாயில் வைக்க முடியவில்லையாம், அத்தனை புளிப்பு. "நீங்கள் சொன்ன எலுமிச்சம்பழ அளவு புளிதான் போட்டேன்" என்று கையிலிருந்த பழத்தைக் காட்டினாள். இந்த ஜெர்மன் நாட்டு எலுமிச்சை நம் ஊர் சாத்துக்குடி பருமன். "சின்ன எலுமிச்சை" என்றேன். "எத்தனை கிராம்?" என்றாள். வெளிநாட்டில் குடித்தனம் செய்கிற நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. எனக்குக் கிராம் தெரியாது. நான் சமைப்பது அப்பா எழுதிய நோட்டைப் பார்த்து.

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் நாங்கள் இருந்தபோது, அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. வேலூரில் ஆபரேஷன், ஒரு மாதமாவது அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். துணைக்குப் பெரியம்மா கிளம்பினார். வீட்டில் அப்பாவும் பன்னிரண்டு வயது நானும்தான். அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க். தண்ணீர் குடிக்கக்கூடச் சமையலறைக்குள் நுழையாதவர். அம்மாவுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. பஸ் ஏறுவதற்கு முந்தின நாள், அம்மா சொல்லச் சொல்ல அப்பா ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினார்.

"உப்பு எவ்ளோ?"

"வேணுங்கறது போடுங்க."

"வேணுங்கறதுன்னா எவ்ளோன்னு எழுதறது?"

"நாக்குல வச்சிப் பாத்தா தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா ஒன்ன ஏன் கேக்கறேன்?"

அப்பாவுக்கு ஆபீஸ் தமிழ்தான் வரும். 'மேற்படி கத்திரிக்காயைக் காம்பு நீக்காமல் நான்காகப் பிளந்து வதக்க வேண்டியது. உப்பு, ருசி பார்த்து முடிவு செய்யப்படும்.' அவர் உரக்கப் படித்துக் காட்டியதும் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியபின், "நான் வராம போனாலும் இதப் பாத்து கொழந்தைக்கு ஆக்கிப் போடுவீங்கல்ல?" என்றாள். அப்பா பேனாவை மூடினார். "நீ வந்து சரியா எழுதியிருக்கறனான்னு பாரு. அவ்ளோதான்."

முதல் நாள் சோறு கூழாகிப்போனது. குழம்பு அடிபிடித்தது. ஆபீஸ் போவதற்கு முன் நோட்டைச் சுவரில் சாய்த்துவைத்து, ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுத் தொட்டு அப்பா சமைத்தார். நான் அழாமல் சாப்பிடப் பழகினேன். நாற்பது நாள் கழித்து அம்மா இளைத்துப்போய்த் திரும்பி வந்தாள். அவளை உட்காரவைத்து, இலை போட்டு, அப்பா காரக்குழம்பு ஊற்றினார். இரண்டு வாய் சாப்பிட்டவளின் கண் நிறைந்துவிட்டது.

"காரம் ஜாஸ்தியா?" என்று பதறினார்.

"இல்லங்க. கல்யாணமாயி பதினாலு வருசத்துல, நான் ஒக்காந்து, இன்னொருத்தர் போட்டு, சூடா சாப்புடறது இன்னிக்குதான்."

அப்பா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சமையலை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கல்யாணமாகி நான் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது, "அவருக்கு எல்லாம் மனப்பாடம், நீ எடுத்துனு போ" என்று அம்மா நோட்டை என் பெட்டியில் வைத்தாள்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை நகரச் சொல்லிவிட்டு, இங்கே கற்றுக்கொண்ட உருளைக்கிழங்கு சூப் வைத்தேன். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது எந்த ஊரு பதார்த்தம்மா?" என்றார்.

"எங்க ஊர்ல குளுருக்கு இதான்ப்பா."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா மட்டும் சாதாரணமாகக் கிண்ணத்தை நீட்டினார்.

"உங்க ஊரு சூப்பு நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து."

பிறந்த வீட்டு அடுப்பின் முன்னால், வீட்டுப்பெண்ணா விருந்தாளியா என்று தெரியாமல், கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.