மிஸ் நீமாண்டின் பெயர்

போன சனிக்கிழமை மத்தியானம் லிஃப்ற்றுக்குள் மாட்டிக்கொண்டேன். எங்கள் ஸ்காபரோ கட்டடத்தில் அது ஒரு புதினமா? இல்லை. ஆனால் கூட நின்றது மிஸ் நீமாண்ட்.

பத்தாம் மாடியில் தனியாக இருக்கிற ஜேர்மன்காரி. அறுபதைத் தாண்டியவர். உடுப்புத் தோய்க்கிற அறையில் அவர் தன் பெயரைச் சொன்ன அன்று என் மனைவி மேலே வந்து முகத்தைச் சுழித்தாள்.

“என்னப்பா உது... ‘நீ மாண்டாய்’ எண்ட மாதிரி? ஆரும் உப்பிடிப் பேர் வைப்பினமோ?”

அது குடும்பப் பெயர் என்று விளக்கினேன். கட்டடத்து வெள்ளைக்காரருக்கும் அது வாயில் நுழையாது. ‘நைமண்ட்’ என்பார்கள். ரெலிபோன் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். ஸ்மித்துகள் பக்கம் பக்கமாக இருந்தார்கள். இந்தப் பெயரில் ஒரே ஒரு வரி – இவருடையதுதான்.

ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே லிஃப்ற் நின்றது. லைற்றும் போனது. என் இடுப்பிலிருந்த பேஜரின் பச்சை வெளிச்சம் மட்டும்தான். அவசர பட்டனைத் தேடி அமத்தினேன். ஸ்பீக்கர் கரகரத்தது.

“உள்ளே யார்?”

மிஸ் நீமாண்ட் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். ஐஸ் மாதிரிக் கை.

“உங்கள் பெயரைச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லாதீர்கள்!”

சொன்னேன். மெக்கானிக் வர அரை மணித்தியாலம் ஆகும் என்றது குரல். பிறகு நிசப்தம்.

“ஏன் உங்கள் பெயர் வேண்டாம்?” என்று கேட்டேன்.

“ஜேர்மன் மொழியில் அதற்கு ‘ஒருவரும் இல்லை’ என்று அர்த்தம்,” என்றார்.

அந்த இருட்டுக்குள் நின்றுதான் சொன்னார். யுத்த காலம். குண்டு விழுந்து வீடு இடிந்து, நிலவறையில் இவரும் தம்பி எமிலும் புதைந்து கிடந்தார்கள். இவருக்குப் பதினொன்று, அவனுக்கு ஆறு. மேலே ஆட்களின் காலடி கேட்டது. “அங்கே யார்?” என்று ஒருவர் கத்தினார். இவருக்கு வாய் நிறையத் தூசி, குரல் வரவில்லை. தம்பிக்கு வந்தது. யாராவது கேட்டால் குடும்பப் பெயரைச் சொல்லவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். பலமாகச் சொன்னான்.

“நீமாண்ட்!”

இடிபாட்டுக்கு அந்தப் பக்கம் தேடுகிற இன்னொருவன்தான் ‘ஒருவரும் இல்லை’ என்கிறான் என்று நினைத்து, காலடிகள் போய்விட்டன.

“அடுத்த நாள் திரும்பி வந்தார்கள். நான் கல்லால் தட்டினேன். எமில்... அதற்குள் குளிர்ந்துவிட்டான்.”

என் மணிக்கட்டை அவர் இன்னும் விடவில்லை.

“கனடாவுக்கு வந்தபோது ஒரு கிளார்க் ‘நியூமன்’ என்று மாற்றித் தருகிறேன் என்றான். இங்கிலிஷில் சுலபமாம். மாட்டேன் என்றேன். எமில் கடைசியாகச் சொன்ன சொல் அது. நானும் விட்டுவிட்டால் அவனைக் கூப்பிட என்ன இருக்கிறது?”

ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது.

“உள்ளே எத்தனை பேர்?”

நான் ‘இரண்டு’ என்று வாயெடுக்க முன்...

“மூன்று,” என்றார் அவர், மிக அமைதியாக.

பேஜர் வெளிச்சமும் அணைந்தது. அப்போது என் இடது பக்கம், இடுப்பளவு உயரத்தில், ஒரு சின்ன இருமல் கேட்டது. தூசி விழுங்கின பிள்ளையின் இருமல். மிஸ் நீமாண்டாக இருக்குமோ? ஆனால் அவருடைய மூச்சு வலது பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. பிரமையா? இருக்கலாம். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

கதவு திறந்தது. மெக்கானிக் ரோச் லைற் அடித்து உள்ளே பார்த்தார்.

“மூன்றாவது ஆள் எங்கே?”

“என்னோடு வருகிறான்,” என்ற மிஸ் நீமாண்ட், ஒரு கையைக் கொஞ்சம் பதிவாக, தாழ்த்தி நீட்டியபடி படிகளில் ஏறிப் போனார். ஒவ்வொரு படியிலும் சற்று நின்று, நின்று.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“பாவம் மனுசி... பயந்திட்டீங்களோ?”

“ஓம்.”

ஆனால் பயத்தைவிட வேறொன்றுதான் இந்தக் கிழமை முழுக்க அரித்துக்கொண்டிருக்கிறது. வேலைத்தலத்தில் நான், மற்றவர்கள் வாயில் நுழையட்டும் என்று வெட்டின அரைப் பெயரோடு திரிகிறேன். வசதிக்காகத்தான்... யாருடைய வசதிக்கு? அங்கே ஒருத்தி, வாயில் நுழையாத ஒரு பெயருக்குள் ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டு ஐம்பது வருஷமாக நடக்கிறாள்.

இப்போதெல்லாம் லிஃப்ற்றில் தனியாக ஏறினாலும், இடது பக்கம் இடம் விட்டு, கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கிறேன்.