ஒரே நாளில் இரண்டு முறை அக்கரைக்கு

பாறசாலையில் என் தம்பி விஜயதாஸின் பேரைச் சொன்னால், "அவசர ஜீப்பு விஜயதாஸா?" என்று கேட்பார்கள். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பெருமை.

நாங்கள் பிறந்தது திருப்புறத்தில், காந்திமதிநாத பிள்ளையின் தென்னந்தோப்பு மூலையில் இருந்த ஓலைக்குடிசையில். பிறத்தியார் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரருக்கு நிலம் உண்டு என்று சட்டம் வந்தபோது, குடிசை நின்ற மண் எங்கள் பேருக்கே பதிந்து கிடைத்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். பிறகு பெரியம்மா மகன் சத்தியதாஸ் பம்பாய் வழியாகத் துபாய்க்குப் புறப்பட்டபோது, தன் பழைய ஜீப்பைத் தம்பியிடம் விட்டுப் போனான்.

"சும்மா கிடந்தா துருப்பிடிக்கும், மக்கா. ஓட்டிப் பிழைச்சுக்கோ" என்றான்.

தம்பி ஆள் ஏற்றவில்லை. காத்திருக்க முடியாத சரக்கை மட்டும் ஏற்றினான். கள்ளிக்காட்டுக்கு அப்புறம் நெய்யாறு அணையின் அக்கரையில் குன்றுக்கு ஒரு வீடாக ஜனம் இருந்தது. லாரிக்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அங்கே போக வேண்டிய சரக்கெல்லாம் பாறசாலை ரயில் நிலையத்திலேயே கிடக்கும். கோழிக்குஞ்சு, ஐஸ் மீன், பம்புசெட்டின் உடைந்த பாகத்துக்கு மாற்று, கல்யாணப் புடவை, ஒருமுறை சவப்பெட்டி. எதுவானாலும் வாங்கிய அன்றே கொண்டு சேர்ப்பான். ஜீப் போகும் மட்டும் ஜீப்பில், அப்புறம் வள்ளத்தில், அப்புறம் தலைச்சுமையாக. படகுத்துறைக் கடவில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழக்கம் அவனிடம் இல்லை. உரியவர் வீட்டில் கையில் கொடுத்துவிட்டுத்தான் வருவான்.

"எலே, சாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுந்தான் உன் வண்டி உருளுமோ?" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள்.

"அது ரெண்டுந்தான் நமக்காகக் காத்து நிக்காது" என்பான்.

எழுபத்தாறாம் ஆண்டு இடவப்பாதி மழை, அதுதான் தென்மேற்குப் பருவமழை, தொடங்கியிருந்தது. அக்கரையில் மிச்சபூமி, அதாவது உச்சவரம்புக்கு மேல் அரசு எடுத்துப் பிரித்துக் கொடுத்த நிலம், கிடைத்த குடும்பங்களில் ஞானையனுடையதும் ஒன்று. அவர் மகன் சுந்தரதாஸ் வளைகுடாவில் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். வீட்டில் மருமகள் ஓமனக்குட்டியும் மாமனாரும் மட்டும். அந்த நிலத்தில் ரப்பர் வைக்க வேண்டும் என்பது புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து எடுத்த முடிவு. ரப்பர் பால் தர ஏழு வருஷம் ஆகும். பால் கிடைக்கத் தொடங்கினால் திரும்பி வந்துவிடுவேன் என்று சுந்தரதாஸ் சொல்லிப் போயிருந்தார். இந்த மழையில் நடாமல் விட்டால் அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டும். அவர் வருவதும் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

ரப்பர் ஒட்டுக்கட்டைகள் அருமனைப் பக்கம் வேதமாணிக்கத்தின் நாற்றுப் பண்ணையிலிருந்து வர வேண்டும். இலையும் கிளையும் இல்லாமல் கைத்தடி போல இருக்கும். நடுவில் ஒட்டுவைத்த ஒரே ஒரு கண். கீழே நீளமான ஆணிவேர். பிடுங்கிய பிறகு வேர் காய்ந்தால் தீர்ந்தது. அதனால் ஓமனக்குட்டிக்காக அவற்றை ஏற்றிவந்த அன்று, தம்பிக்குத் துணையாக நானும் ஜீப்பில் போனேன். கட்டுகளை வாழைத்தடை மட்டையில் பொதிந்து, மேலே நனைந்த சாக்குப் போட்டு, வழியெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஓமனக்குட்டி வீட்டில் இல்லை. நடுவதற்கு ஆள் கூப்பிட அடுத்த குன்றுக்குப் போயிருந்தாள். ஞானையன்தான் கட்டுகளை வாங்கிக்கொண்டார்.

"நீங்க போங்கோ மக்களே. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுவேன். நான் நடாத கம்பா?" என்றார்.

கடவுக்கு இறங்கி வள்ளத்துக்காக நின்றோம். மேலே வெட்டுக்கத்தியின் சத்தம் கேட்டது. சீராக, ஒரே அளவில். தம்பி தலையைத் தூக்கிக் கேட்டான்.

"அக்கா, அது விறகு வெட்டுத சத்தம் இல்ல."

ஓடினான். நானும் பின்னால் ஏறினேன். அதற்குள் முக்கால்வாசிக் கட்டைகளும் சாண் சாணாகத் துண்டாகிக் கிடந்தன. மரச்சீனிக் கம்பை, அதாவது மரவள்ளிக் கம்பை, நடுவதற்கு முன் அப்படித்தான் நறுக்குவார்கள்; அதில் நெடுகக் கண் உண்டு, ரப்பர் கட்டையோ வேரும் கண்ணும் பிரிந்தால் செத்துவிடும். மருமகள் வருவதற்குள் வேலையை முடித்துவைக்க வேண்டும் என்ற ஆசையில் நறுக்கியிருக்கிறார்.

"ஒரு கம்புக்கு ஒரே கண்ணுதான் உண்டு. ஏமாத்திட்டானுவ, மக்கா" என்றார் எங்களைப் பார்த்ததும்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறத்தியார் பூமியில் குடியிருந்தவர்கள் மரம் வைக்கக்கூடாது. மரம் வைத்தால் நாளைக்கு உரிமை கேட்பான் என்று நிலக்காரர் விடமாட்டார். மரச்சீனியைத் தவிர வேறொன்றை நட்டுப் பழகாத கைகள் அவை.

அப்போதுதான் ஓமனக்குட்டி வந்தாள். முற்றத்தைப் பார்த்தாள், மாமனார் முகத்தைப் பார்த்தாள். "ஏழு வருஷம் எட்டாயிப்போச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆகாது" என்றான் தம்பி. "இன்னிக்கே வேற கொண்டு வாறேன். குழியை வெட்டி வையுங்கோ."

அருமனைக்குத் திரும்பும் வழியில், மாநில எல்லையான வெள்ளறடை சோதனைச் சாவடியில் இருந்தவர் எங்களைக் கண்டதும் சிரித்தார். "காலம்ப கொண்டுபோன கம்பை எல்லாம் தின்னு தீத்தாச்சோ?"

"அவிச்சுத் தின்னாச்சு சாரே. சீக்கிரம் விடுங்கோ, பசிக்கு."

வேதமாணிக்கத்திடம் பிடுங்கிவைத்த கட்டை மீதியில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார். கொட்டுகிற மழையில் மூன்று பேருமாகத் தோண்டினோம். ஆணிவேர் அறுந்துவிடக் கூடாது. அவசரம் என்று இழுக்க முடியாது. அவ்வளவு அவசரத்திலும் தம்பி ஒவ்வொரு வேரையும் பொறுமையாக எடுத்ததை என் கண்ணாலே பார்த்தேன்.

வெளிச்சம் மங்குவதற்குள் மறுபடியும் அக்கரை சேர்ந்தோம். இந்தத் தடவை தம்பி கட்டுகளைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஒரு கட்டையை எடுத்து ஞானையன் கையில் வைத்து, வேர் இது, கண் இது, கண் இந்த அளவுக்கு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும் என்று காட்டினான்.

"கையில கொடுத்தா மட்டும் போராது அக்கா, காட்டியும் கொடுக்கணும்" என்றான் என்னிடம். அதற்குப் பிறகு எந்தச் சரக்கையும் பிரித்துக் காட்டாமல் அவன் திரும்பியதில்லை. சத்தியதாஸ் இரண்டு முறை விசா அனுப்பியும் அவன் போகாமல் இங்கேயே நின்றதற்கு, அக்கரை வீடுகளில் எத்தனையோ பேர் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்வார்கள். நானும் சொல்கிறேன்.

அன்று முதல் கட்டையை நட்டவர் ஞானையன். மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு, ஓமனக்குட்டியிடம் அடுத்ததை வாங்கக் கை நீட்டியவர் அப்படியே நின்றார்.

"மக்கா, இது எத்தனை காலம் நிக்கும்?"

"முப்பது வருஷம் நிக்கும், மாமா" என்றான் தம்பி.

"அதுக்கு எடையில யாராவது வந்து பிடுங்கச் சொன்னா?"

"யாரு சொல்ல? உம்ம பூமியாக்கும் இது."

அவர் முகத்து மழையைத் துடைத்துக்கொண்டார். "அப்பம் அடுத்ததைத் தா பிள்ளே" என்றார் மருமகளிடம்.