ஒரு மவுஸ், இரண்டு கை

போன வாரம் கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறி என் பேச்சைக் கேட்கவில்லை. நான் ஒரு பக்கம் இழுக்க, அது இன்னொரு பக்கம் போனது.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று மனைவி வீட்டில் யாரோ புரளி கிளப்பிவிட்டார்கள். அன்றோடு போயிற்று என் ஞாயிற்றுக்கிழமை. உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் மாட்டியிருப்பார். பாவம், அவரைச் சாப்பிடவாவது விடுங்கள்.

மச்சான் – மனைவியின் அண்ணன் – போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். தோட்டத்து ஆபீஸில் ஒரு பழைய லேப்டாப். வாரா வாரம் அதற்கு ஏதாவது வரும். பிரிண்ட் வராது, எழுத்து பெரிதாகிவிடும், திரை தலைகீழாகும். நான் போடியில் உட்கார்ந்து ஸ்கிரீன் ஷேரில் அவர் மவுஸை ஓட்டுவேன். முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும்.

போன வாரம் வந்தது பெரிய வேலை. அவர் மகள் கௌசிக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங். எந்தக் கல்லூரி முதலில், எது அடுத்து என்று வரிசை போட்டு, மாலைக்குள் லாக் பண்ண வேண்டும். பண்ணிவிட்டால் மாற்ற முடியாது. நாலு வருஷம் அதோடுதான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. ஊர்தான் தகராறு. நான் கோவை என்றேன். அவருக்குப் பிள்ளையைத் தேனி தாண்டி அனுப்ப மனசில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமே... தங்கச்சி வீட்டுக்காரரை எதிர்த்துப் பேசுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

"கோயம்புத்தூரை மேல ஏத்திட்டேன் மச்சான். லாக் பண்ணவா?"

"நீங்க பாத்துப் பண்ணுங்க மாப்ளே," என்றார் சுரத்தில்லாமல்.

அம்புக்குறியை லாக் பட்டனுக்கு நகர்த்தினேன். போகவில்லை. வரிசையின் கடைசியில் கிடந்த 'மதுரை – சிவில்' மெள்ளக் கிளம்பி முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது.

இறக்கினேன். ஏறியது. மறுபடி இறக்கினேன். மறுபடி ஏறியது.

எனக்குப் புரிந்துவிட்டது. வாயால் சொல்ல முடியாததை மனிதர் மவுஸால் சொல்கிறார். கோவைக்கும் தேனிக்கும் சமாதானமாக மதுரை. இதை வாயைத் திறந்து சொன்னால் என்ன? இத்தனை வருஷத்து அலுப்பும் சேர்ந்து எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மச்சான், பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. எதுக்கு இந்த இழுப்பு? மவுஸை விடுங்க."

"நான் எங்க மாப்ளே தொட்டேன்? சிக்னலுக்காக, ஸ்பீக்கர்ல போட்ட போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சன்னல்கிட்டல்ல நிக்கிறேன்."

"அப்ப மவுஸு?"

கொஞ்சம் தயங்கி, "கௌசி கையில," என்றார்.

நான் 'மதுரை'யை மட்டும் பார்த்திருக்கிறேன்; அவள் மேலே ஏற்றியது 'சிவில்'. ஊரைப் பற்றி எவ்வளவு பேசியிருப்போம்! என்ன படிக்க ஆசை என்று அந்தப் பெண்ணிடம் எங்கள் இரண்டு பேரில் ஒருவராவது கேட்டோமா? வெட்கமாக இருந்தது.

"ஏம்மா, கம்ப்யூட்டர் வேணாமா?"

"வேணாம் மாமா. வாரா வாரம் நீங்களும் அப்பாவும் இதுகிட்ட படுற பாட்டைப் பக்கத்துல இருந்து பாக்குறேன்ல."

மச்சான்தான் பேசினார். "அவ கேக்குறதே இருக்கட்டும் மாப்ளே. விடுங்க." இவ்வளவு தெளிவாக அவர் என்னிடம் பேசியதே இல்லை.

கையை எடுத்தேன். அம்புக்குறி நேராகப் போய் லாக்கை அமுக்கியது.

இத்தனை வருஷத்தில் நான் செய்த உருப்படியான ரிமோட் உதவி, மவுஸை விட்டதுதான்.