ஆர்லிஸ் தேடிய ஒரு தோட்டா

ஆர்லிஸ் ஹாகனுக்குப் பிழைப்பு பல் செட் செய்வது. எல்ம் ஃபோர்க்ஸ் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் பாதிப் பேர் ரொட்டி கடிப்பது அவள் இழைத்துக் கொடுத்த பல்லால்தான். கடைவாயில் ஒரு முடியளவு உயரம் கூடினாலும் போட்டுக்கொள்கிறவருக்கு நிம்மதி போய்விடும் என்பாள். முப்பத்தோரு வருஷம் அந்த முடியளவோடு மல்லுக்கட்டிய பிறகும், வீட்டுக்கு வந்து அடித்தளத்துக்கு இறங்கி, துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டிருந்த மேஜையில் அதே வேலையைத்தான் வேறு சாமானை வைத்துச் செய்தாள்.

அங்கே தோட்டா அழுத்துகிற ஒரு பிரஸ், வெடிமருந்து நிறுக்கிற சின்னத் தராசு, ஐம்பது குழி உள்ள மரப் பலகைகள். போட்டியில் சுட்டுத் தள்ளிய காலிப் பித்தளை உறைகளைப் பொறுக்கி வந்து கழுவுவாள். உறையின் அடியில் தட்டினால் பொறி விடுகிற பழைய பொட்டைத் தட்டிவிட்டுப் புதுப் பொட்டு அழுத்துவாள். மருந்து அளந்து போட்டு, வாயில் ஈயக்குண்டை உட்கார வைத்தால் மறுபடி தோட்டா. ஒரு உறையைப் பத்துத் தடவைகூடத் திரும்பப் பயன்படுத்துவாள். அவளிடம் இரண்டு போட்டிக் கைத்துப்பாக்கிகள் இருந்தன. அவற்றின் ஸ்பிரிங்கை எத்தனை குண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், விசை எத்தனை அழுத்தத்தில் விட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். புருஷன் டுவேனின் பிறந்தநாளைத்தான் இரண்டு தடவை மறந்திருக்கிறாள்.

"துப்பாக்கிக்கு ஒரு கேக் வாங்கி வெட்டிடேன்," என்பான் டுவேன்.

ஊர்த் துப்பாக்கி கிளப்பில் அவளுடைய கூட்டாளி கோர்டி. தபால்காரன். சுடுவதில் கெட்டிக்காரன், தோட்டா செய்யச் சோம்பேறி. குண்டும் மருந்தும் வாங்கி வந்து அவள் மேஜையில் வைத்துவிட்டு, "உன் கை பட்டாத்தான் அது நேராப் போகுது," என்று ஐஸ் வைப்பான். அவளும் செய்து கொடுப்பாள். ஆர்லிஸ் செய்த தோட்டா என்றால் கிளப்பில் யாரும் இரண்டாவது முறை யோசிக்க மாட்டார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் அவளிடம் தாட்சண்யம் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெர்ன் ஆஸ்ட்பி என்ற விவசாயி, ஆட்கள் இலக்கு அட்டை ஒட்டப் போயிருந்த நேரத்தில், மேஜையில் கிடந்த துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் திரும்பி யாரிடமோ பேசினான். துப்பாக்கி காலிதான். ஆனாலும் முன்னால் ஆள் நிற்கும்போது அதைத் தொடவே கூடாது என்று ஆர்லிஸ் கிளப்புக்குப் புகார் எழுதிக் கொடுத்தாள். கிளப் அவனை ஒரு சீசன் வெளியே நிறுத்தியது. சீசன் முடிந்த பிறகும் வெர்ன் திரும்பி வரவில்லை. தன் நிலத்துச் சரளைக்கல் குழியில் தனியாகச் சுட்டுக்கொண்டிருந்தான். மளிகைக் கடையில் அவளைப் பார்த்தால் அடுத்த வரிசைக்குத் திரும்பிவிடுவான்.

அந்த ஜூன் மாத ஞாயிறு கிளப் போட்டி. ஐம்பது கஜத்தில் பத்துக் குண்டு, பத்து நிமிஷம், நிதானமாகச் சுடுகிற சுற்று. ஆர்லிஸ் துப்பாக்கியை இறக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வெடிச் சத்தம் இல்லை. புட்டி மூடி கழன்ற மாதிரி ஒரு 'டுப்'. கோர்டி முகம் சுளித்தான். நேரம் முடியப் போகிறது. துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடைக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிக் கையைத் தூக்கினான்.

"நிறுத்து! எல்லாரும் நிறுத்துங்க! கோர்டி, விசையிலேர்ந்து விரல எடு!"

அவள் குரல் அப்படி உயர்ந்து யாரும் கேட்டதில்லை. வரிசை முழுக்க அடங்கியது. மைதானத்தை நடத்துகிறவர் வந்து கோர்டியின் துப்பாக்கியைக் காலி செய்து குழலுக்குள் வெளிச்சம் அடித்தார். வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை. குண்டு பாதி வழியில் சிக்கி நின்றது. அந்த உறையில் மருந்தே இல்லை; வெறும் பொட்டு வெடித்துத் தள்ளிய குண்டு. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் கோர்டியின் கையிலேயே பிளந்திருக்கும்.

"பொட்டு ஈரமா இருந்திருக்கும், விடுங்க," என்றான் கோர்டி. அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான்.

"ஈரமுமில்ல ஒண்ணுமில்ல. அது நான் செஞ்ச தோட்டா. மருந்து போட விட்டிருக்கேன்," என்றாள் ஆர்லிஸ், எல்லோருக்கும் கேட்கும்படி.

சொல்லும்போதே அவளுக்கு இன்னொன்று உறைத்தது. அவள் மருந்து போடுவது பலகை பலகையாக, ஒவ்வொரு உறையாக. ஒன்றை விட்டுத் தாண்டினாள் என்றால், வரிசை பிசகி இன்னொன்றில் இரண்டு தடவை போட்டிருக்கலாம். அதைச் சுட்டால் துப்பாக்கியே சிதறும். அந்த மருந்து கொஞ்சம்தான். இரட்டையாக விழுந்தாலும் உறை நிரம்பாது, வெளியே தெரியாது. இதற்காகத்தான் குண்டு வைப்பதற்கு முன் ஐம்பது உறைக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பாள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, பாதிப் பலகையில் இருந்தபோது மேலே தடால் என்று சத்தம். டுவேன் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து மிச்சத்தை முடித்தாள். டார்ச் அடித்தேனா? அடித்ததாகத்தான் நினைத்திருந்தாள்.

அன்று செய்தது நானூறு. செய்து முடித்ததும் எல்லாவற்றையும் ஒரு தொட்டியில் கொட்டிக் கலந்துதான் எட்டுப் பெட்டியில் அடுக்கினாள். எது எந்தப் பலகையில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தோட்டாவை முழுசாக நிறுத்துப் பார்த்தும் பயனில்லை. உறைக்கு உறை இருக்கிற வித்தியாசமே அந்தத் துளி மருந்தைவிட அதிகம்.

"நாலு பெட்டி எங்கிட்ட இருக்கு. உங்கிட்ட நாலு. எல்லாம் எங்க?" என்றாள் கோர்டியிடம்.

கோர்டி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "மூணு கார்ல இருக்கு. ஒண்ணு... வெர்னுக்குக் குடுத்தேன்."

"யாருக்கு?"

"தோட்டா தீந்துபோச்சுன்னான். மீன் பிடிக்கப் போனப்ப குடுத்தேன். உன்னோடதுன்னு சொல்லல. சொன்னா தொட்டிருக்க மாட்டான்."

கோர்டி போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆர்லிஸ் காரை எடுத்தாள்.

பதினாலு மைல். வெர்னின் களஞ்சியத்தைத் தாண்டியதுமே சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று. ஹாரனை அழுத்தியபடியே சோளக்காட்டு வரப்பில் காரை இறக்கினாள். வெர்ன் குழிக்குள் நின்று திரும்பிப் பார்த்தான். துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டுத்தான் திரும்பினான் என்பதை அந்த அவசரத்திலும் அவள் கவனித்தாள்.

"என்ன, எங்க வீட்டுக் குழிக்கும் எழுதிக் குடுக்க வந்தியா?" என்றான்.

"அந்தப் பெட்டியத் தொடாத, வெர்ன். அது நான் செஞ்சது. அதுல ஒண்ணுல ரெண்டு பங்கு மருந்து இருக்கலாம்."

அவன் பெட்டியைப் பார்த்தான். பத்தொன்பது குழி காலி.

"நீ செஞ்சதா?"

"ஆமா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். இன்னைக்கு கோர்டி கை போயிருக்கும்."

வெர்ன் பெட்டியை மூடி, துப்பாக்கியைக் காலி செய்தான். திட்டுவான் என்று தயாராக வந்தவளுக்கு அது கஷ்டமாக இருந்தது. கடைசியில், "உள்ள வா, பிரிச்சுப் பாக்கலாம்," என்றான்.

சமையலறை மேஜையில் மிஞ்சிய முப்பத்தொன்றையும் பிரித்தார்கள். சுத்தியல் மாதிரி ஒரு கருவி. தலைப்பக்கம் தோட்டாவைச் செருகிக் கட்டையில் அடித்தால் குண்டு கழன்று மருந்து தனியாக வரும். வெர்ன் அடிக்க, அவள் மருந்தைத் தராசில் நிறுத்தாள். முப்பத்தொன்றும் சரியாகவே இருந்தன.

"அப்ப உன் வீட்ல இருக்கு," என்று சொல்லி வெர்ன் லாரிச் சாவியை எடுத்தான்.

"நீ எதுக்கு?"

"ரெண்டு வருஷமா காத்திருக்கேன். இதப் பாக்காம விடுவேனா?"

கோர்டியும் தன் பெட்டிகளோடு வந்து சேர்ந்தான். அடித்தளத்தில் மூவரும் உட்கார்ந்தார்கள். டுவேன் கட்டுப் போட்ட கையோடு ஒரு கையால் காபியை ஒவ்வொரு கோப்பையாக இறக்கிக் கொண்டுவந்தான். விஷயத்தைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப நான் விழுந்ததாலயா இது?"

"நீ விழுந்த. டார்ச் அடிக்காதது நான்," என்றாள் ஆர்லிஸ்.

கோர்டியின் பெட்டிகளில் ஒன்றுமில்லை. அவளுடைய பெட்டிகள் மூன்றிலும் இல்லை. கடைசியாக, அன்று காலை போட்டிக்கு அவள் எடுத்துப்போன பெட்டி. ஒன்பது சுட்டிருந்தாள். அடுத்த சுற்றுக்கென்று ஓரமாக எடுத்து வைத்த தோட்டாக்களில் மூன்றாவதை வெர்ன் அடித்தான். தராசின் முள் எங்கேயோ போய் நின்றது. வெர்ன் மருந்தைத் திரும்பக் கொட்டி நிறுத்தான். அதே எண். சரியாக இரண்டு பங்கு.

கேலி செய்ய வந்தவன் அந்தத் துளி மருந்தைக் காகிதத்தில் மடித்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"உன் கையிலயே வெடிச்சிருக்கும், ஆர்லிஸ்," என்றான் மெதுவாக. "அப்புறம் இந்த ஊர்க்காரன் எதால கறி கடிப்பான்?"

அவள் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். டுவேன் நல்ல கையை அவள் முதுகில் வைத்தான். கோர்டி எழுந்து போய்த் துணி மெஷினில் என்னவோ பார்க்கிற மாதிரி நின்றுகொண்டான்.

அடுத்த செவ்வாய் கிளப் கூட்டத்தில் அவளே எழுந்தாள். வெர்னுக்குக் கொடுத்த அதே தண்டனையைத் தனக்கும் கேட்டாள். கோர்டிக்குப் பொறுக்கவில்லை.

"கத்தி நிறுத்தினதே அவதான். அவ காது இல்லன்னா எனக்கு இப்ப தபால் பிரிக்க விரல் இருக்காது. இதுக்குத் தண்டனையா?"

கடைசி வரிசையில் வெர்ன் உட்கார்ந்திருந்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் வந்திருந்தான். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குக் குடுத்தது அதிகம்னு இப்பவும் சொல்றேன்," என்றான். "ஆனா இவளுக்குக் குடுக்கலன்னா அது இன்னும் அதிகமாத் தெரியும். கேக்கறதக் குடுங்க."

கொடுத்தார்கள். மாநிலப் போட்டி போயிற்று. அந்த வருஷம் அவள் வெள்ளி வாங்கியிருப்பாள் என்று கோர்டி இன்றைக்கும் சொல்வான். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் அவள் வீட்டிலேயே கிடந்தாள். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் ரேடியோவை உரக்க வைப்பாள். பல் இழைக்கும்போதுகூட ஒன்றை மூன்று தடவை அளந்தாள். ஜூலை நடுவில் டுவேனே அவளைக் காரில் ஏற்றி மைதானத்தில் விட்டுவந்தான். அங்கே ஒரு மடக்கு மேஜை போட்டு கிளப்பின் பழைய துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, தேய்ந்த ஸ்பிரிங்குகளை மாற்ற ஆரம்பித்தாள். வெர்னின் துப்பாக்கியில் விசை சொரசொரப்பாக இருந்தது. அவன் கேட்காமலேயே அதையும் இழைத்துச் சரி செய்தாள். அவன் சுட்டுப் பார்த்துவிட்டு, "ம்," என்றான். வெர்ன் அவ்வளவு பாராட்டியதே பெரிது.

மறு வருஷம் மே மாதம் வரிசையில் நின்றாள். சுமாராகத்தான் சுட்டாள். முடிந்ததும் கோர்டி வழக்கம்போலக் குண்டு டப்பாவோடு வந்தான்.

"இல்ல கோர்டி. இனிமே யாருக்கும் செஞ்சு குடுக்கிறதில்ல."

"என்மேல கோவமா?"

"இல்ல. உன் தோட்டாவ நீ செய். தப்பு நடந்தா உன் கைக்கு மட்டும் நடக்கட்டும்."

கோர்டி ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு ஒரு பழைய பிரஸ் வாங்கி அவள் அடித்தளத்திலேயே கொண்டுவந்து வைத்தான், வீட்டில் இடமில்லை என்று சாக்குச் சொல்லி. முதல் ஐம்பதை முடிக்க அவனுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆர்லிஸ் தன் மேஜையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தாள். அவன் ஒவ்வொரு உறைக்குள்ளும் டார்ச் அடித்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.