படிவத்தில் நான் எழுதிய 'இல்லை'

டெஸ்ட் நாள் என்றாலே எனக்கு அலுப்பாக இருக்கும். போடிமெட்டு வளைவுகளில் உர மூட்டை ஏற்றிப்போய், ஏலக்காய் லோடோடு இறங்கி இறங்கி இடுப்பு விட்டுப்போன உடம்பு. காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் மூத்திரம் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டுவார்கள். கதவைச் சாத்தவும் விடமாட்டார்கள், வாசலில் ஓர் ஆள் நிற்பார். என்ன பிழைப்போ! போதை என்று தெரிந்தால் அன்றைக்கே வண்டிச் சாவியை வாங்கிக்கொள்வார்கள்.

டப்பாவுக்கு முன்னால் ஒரு படிவம் உண்டு. கடந்த ஒரு வாரத்தில் என்ன மருந்து சாப்பிட்டாய் என்று அதில் ஒரு கேள்வி. எங்கள் டிரைவர்களில் எழுத்து வேகமாக வருவது எனக்குத்தான். அதனால் எல்லாருக்கும் நானே எழுதுவேன், அவர்கள் கையெழுத்து போடுவார்கள். அந்தக் கேள்விக்கு யாரையும் கேட்காமல் வரிசையாக 'இல்லை' என்று எழுதித் தள்ளுவேன். மாத்திரையும் ஊசியும்தான் எங்களுக்கு மருந்து. இருமல் டானிக்கை யார் மருந்தென்று நினைத்தது?

போன மழையில் என் கூட்டாளிக்கு விடாத இருமல். நானும் அவனும் ஒரே வருடம் கம்பெனியில் சேர்ந்தவர்கள். ஒரு நாள் சாயங்காலம் லோடு இறக்கியபிறகு, ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்து மீந்திருந்த டானிக்கை அவனிடம் நீட்டினேன்.

"வீட்டுக்குப் போயி ரெண்டு மூடி குடிச்சிட்டுப் படு மாப்ளே. இதக் குடிச்சிட்டு வண்டி ஓட்டக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு."

"நாளைக்கு எனக்கு லோடு இல்லடா. கொண்டா," என்று வாங்கிப்போனான்.

மறுநாள் காலையில் எல்லாரையும் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவன் படிவத்திலும் நான்தான் 'இல்லை' என்று எழுதினேன். டானிக் நினைவே வரவில்லை. அவனுக்குப் போதை என்று முடிவு வந்தது, சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

"ஆத்தா சத்தியமா நான் எதையும் தொடல சார்," என்று ஆபீசில் நின்று அழுதான். டெஸ்ட்டில் காட்டியது நான் கொடுத்த டானிக்தான் என்று அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் மருந்தைக் கைமாற்றினால் கொடுத்தவனுக்கும் வேலை இல்லை என்று அந்த ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தது. பயந்துவிட்டேன். நாலு நாள் ஒன்றும் தெரியாதவன் மாதிரி வண்டி ஓட்டினேன்.

ஐந்தாம் நாள் பாட்டிலும் டாக்டர் சீட்டுமாகப் போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"மூணு நாளைக்குள்ள வந்திருந்தா மறு டெஸ்ட்டுக்கு எழுதியிருப்பேன். இப்ப அவன் பேரு தலைமை ஆபீசுக்குப் போயிருச்சு. என் கையில ஒண்ணுமில்லப்பா," என்றார். என்னை எச்சரித்து அனுப்பியதோடு சரி. நான் பயந்தது எதுவும் எனக்கு நடக்கவில்லை.

அவனை வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை. இப்போது மலையில் ஒரு எஸ்டேட்டில் மூட்டை தூக்குகிறான்.

நேற்று லோடோடு இறங்கிவரும்போது எதிரே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு வந்தது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதால் ஓரங்கட்டினேன். ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு அவன் நின்றான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"மாப்ளே, கீழ ரெண்டாவது வளைவுல மண்ணு சரிஞ்சு கெடக்கு, வெரசா போகாத. எனக்காக ஆபீசுல சண்ட போட்டியாம்ல, சொன்னாங்க. வேற எவன்டா வருவான்?"

ஜீப்பு நகர்ந்துவிட்டது. நான் போனது ஐந்தாம் நாள் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.